ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்த நாற்காலி

அநியாயம் நடந்தது விறகுக் குவியலுக்கு. குளிர்காலம் முழுவதற்கும் என்று அடுக்கி வைத்ததை, பாதிக் குளிர்காலத்துக்குள் அடுப்பு விழுங்கிவிட்டது. அடுப்பை மட்டும் குறை சொன்னால் எப்படி? அந்த வீட்டார் அறை தகிக்கத் தகிக்க எரிப்பார்கள். பிறகு வியர்க்கிறது என்று ஜன்னலைத் திறப்பார்கள். அது காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக் கொடுப்பார்கள். குளிர் ஏறியதும் மறுபடி விறகு!

கடைசியாக மிஞ்சிய கட்டை அந்த நாற்காலியிடம் கெஞ்சியது. "அக்கா, நாம ஒரே மரம்தானே? கொஞ்சம் நகர்ந்துக்கோ. ஜன்னல் தானா சாத்திக்கும், சூடு உள்ளேயே நிக்கும், நான் பிழைச்சுப்பேன்."

"யாருடி உனக்கு அக்கா? நான் நாற்காலி, நீ விறகு. விறகுன்னா எரியத்தான் வேணும். நகர்ந்தா எனக்குக் கால் வலிக்கும்."

கட்டை எரிந்தது. அதன் சூடு முழுவதும் ஜன்னல் வழியே வெளியே போனது. அந்த இடத்தில் குளிர் வந்து உட்கார்ந்தது.

ஒரு கை மெல்ல வந்து நாற்காலியின் காலைத் தடவிப் பார்த்தது. மறு கையில் கோடரி இருந்தது.

"போதும்னு ஒரு வார்த்தை சொல்லேன்!" என்று நாற்காலி அடுப்பிடம் அலறியது.

அடுப்பு அதுவரை வாய் திறந்து பேசியதே இல்லை. இப்போது அதன் கதவு தானாகத் திறந்தது. சாம்பலுக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது.

"இங்கே கால் வலிக்காது, அக்கா. வா."