ஒற்றை மஞ்சள் பல்பு

கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவதில் அந்த எலெக்ட்ரீசியன் கைதேர்ந்தவன். மனைவியை அடித்த மறுநாள் வீட்டை அலங்கரித்துவிடுவான். அடி எவ்வளவு பலமோ, விளக்கு அவ்வளவு மங்கல். இந்த முறை அவள் உதடு கிழிந்திருந்தது. அதனால் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, நாற்காலிகளுக்குப் பின்னால் தரையில் ஒரே ஒரு மஞ்சள் பல்பை எரியவிட்டான். மேஜையில் ரோஜாப்பூக்களும் கேக்கும் அதை வெட்டக் கத்தியும் வைத்தான்.

"இந்த வெளிச்சத்துல காயமே தெரியல பாரு," என்றான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து.

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

எதிர்ச்சுவரில் அவள் நிழல் மட்டும் எழுந்து நின்றது. கத்தியை எடுத்தது. அவன் நிழலின் தலைமுடியைப் பற்றி இழுத்து, கழுத்தை நிதானமாக அறுத்தது. அவன் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அசையவே இல்லை. கத்தியும் கேக்கின் பக்கத்திலேயே இருந்தது.

வலி இல்லை. சட்டைக் காலர் மட்டும் சூடாக நனைந்துகொண்டிருந்தது. அவன் தடுமாறி எழுந்து சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

"லைட்டப் போடாதீங்க," என்றாள் அவள். "இந்த வெளிச்சத்துல காயமே தெரியல."