அட்டை இல்லாமல் வந்தவர்

“முப்பது அம்மாங்க நடுவுல என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி நிக்க வெச்சுட்டா, மேடம்! என் பொண்ணு ‘அப்பா, அப்பா’ன்னு கத்தறா. அதுகூடவா அவ காதுல விழல?”

தலைமையாசிரியை ஜலஜா மின்விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள். ஆனந்தகுமார் கொட்டித் தீர்க்கட்டும்.

நேற்று மாலை, பள்ளி கொடுத்த அடையாள அட்டை இல்லாமல் வந்தவரிடம், வாசலில் நின்ற ஆயா வேலம்மா குழந்தையைத் தர மறுத்துவிட்டாள். அவர் மனைவி அலுவலகத்திலிருந்து அட்டையோடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது.

“அந்த ஆயாவை இன்னிக்கே அனுப்பிடணும். இல்லேன்னா மேல புகார் குடுப்பேன்.”

கதவுக்கு வெளியே வேலம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். ஆற்றங்கரை வீட்டை இடித்து ஊருக்கு வெளியே குடியேற்றிய பிறகு, இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர் வருகிறாள். இதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

“சரி சார். காரணத்தை நீங்களே எழுதிக் குடுங்க. உத்தரவுல அதையே போட்டுடறேன்.” ஜலஜா ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தாள்.

அவர் மளமளவென்று எழுதினார்.

‘தந்தை என்று பலமுறை சொல்லியும், அட்டை இல்லாததால், என் குழந்தையை என்னுடன் அனுப்ப மறுத்த...’

பேனா நின்றது.

எழுதியதைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

ஜலஜா ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்தாள். கற்பகாம்பாளே, இந்த மனுஷருக்கு இன்னும் ஒரு நிமிஷம் கொடு.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் எழுந்தார். வெளியே போய் வேலம்மா முன் நின்றார்.

“நாளைக்கு அட்டை எடுத்துட்டு வரேம்மா.”

“எடுத்தாரலைன்னா மறுபடியும் நிக்க வெப்பேன். கோச்சுக்காத சார்.”

அவர் சிரித்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வேலம்மா கேட்டைத் திறந்துவிட ஓடினாள்.

எழுத்தர் ஸ்ரீநாத்துக்கு மனம் ஆறவில்லை.

“காலைல ஏழு மணிக்கே வரச்சொல்லி அந்த லெட்டரைத் தேட வெச்சீங்க. அதைக் காட்டியிருந்தா ரெண்டே நிமிஷத்துல வாயடைச்சிருக்கும், மேடம்.”

“அடைச்சிருக்கும். அப்புறம் வேலம்மாவைப் பார்த்துச் சிரிச்சிருப்பாரா?”

வருகைப் பதிவேட்டுக்கு அடியிலிருந்து அவள் கடிதத்தை உருவினாள். போன ஜூனில் பெற்றோர் நாற்பது பேர் சேர்ந்து கொடுத்தது. அட்டை இல்லாமல் யார் வந்தாலும், பெற்ற தகப்பனே வந்தாலும், குழந்தையை அனுப்பக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

முதல் கையெழுத்து ஆனந்தகுமாருடையது.