மருமகளின் மஞ்சள் முகம்

கொட்டியாரக் குடாவில் வெயில் சாய்கிறது. கரைக்கு இழுத்த படகின் விளிம்பில், எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கையோடு யதுர்சன் குந்தியிருக்கிறான். கனடாவில் இருக்கும் தங்கை மேனுஜா, தன் மகளின் முதல் பிறந்தநாள் படத்தை அவனுடைய கைபேசிக்கு அனுப்பியிருக்கிறாள். பட்டுப் பாவாடை தெரிகிறது, வளையல் தெரிகிறது; பிள்ளையின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மேனுஜா ஒட்டிய ஒரு மஞ்சள் பொம்மை முகம் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. கூடவே அவள் குரலும் வந்திருக்கிறது. "கோவிக்காதேங்கோ அண்ணா. போனமுறை அனுப்பின படத்தை நீங்கள் ஸ்டேட்டஸில போட்டிட்டியள். நெட்டில போனால் ஆரிட்டப் போய்ச் சேருமெண்டு சொல்லேலாது." அதைத் திரும்பவும் போட்டுக் கேட்கிறான். மருமகள் பிறந்த சந்தோசத்தை ஊருக்குக் காட்டாமல் எந்த மாமன் ஒளித்து வைப்பான்? அலை வந்து படகின் அடியை நனைத்துவிட்டுப் போகிறது. பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் வீரக்குட்டி தலையை நிமிர்த்துகிறார். "என்னடா தம்பி, மருமகளின்ர படம் வந்திட்டுதோ? காட்டன் பாப்பம்." "இல்லை அண்ணை, இன்னும் வரேல்ல." கைபேசியை நெஞ்சோடு சாய்த்துக்கொள்கிறான். அவர் வலைக்குத் திரும்பியதும் மறுபடி பார்க்கிறான். மஞ்சள் முகத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டுகிறான். பெயர்கிற மாதிரித் தெரியவில்லை. பிறகு, எஞ்சின் கரி ஒட்டிய விரல் நுனியால், கண்ணூறு படாமல் இருக்க, அந்த மஞ்சள் கன்னத்தில் ஒரு பொட்டு வைக்கிறான். சற்று நேரத்தில் திரை அணைகிறது. கறுத்த கண்ணாடியில் பொட்டு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.