பயத்தில் ஏறிய பிரஷர்

பிரஷர் நூற்றெண்பது. நர்ஸுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"மாத்திரை போட்டீங்களா சார்?"

"தலைவலியே இல்லையேம்மா, எதுக்கு?"

"ரத்தக்குழாய் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் விறைக்குமா? திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா வீட்ல அக்கா என்ன பண்ணுவாங்க?"

"அட, டாக்டரைப் பார்த்தாலே சிலருக்குப் பயத்துல ஏறும்மா. எனக்கும் அப்படித்தான். வீட்ல பார்த்தா சரியா இருக்கும்."

"ஓஹோ, பயமா!"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"இந்த கிளினிக்குல உங்களை விட்டா வேற டாக்டர் ஏது சார்? கண்ணாடியைப் பார்த்துப் பயந்தீங்களா? கோட்டை மாட்டுங்க. மாத்திரையை நிறுத்தின ஒரு ஆள் வெளியே காத்திருக்கார். வழக்கம்போல அவரை நல்லாத் திட்டி அனுப்புங்க."