கையில் மிஞ்சிய எண்ணெய்

சிறப்பு விருந்தினர் தன் கவிதைகளைப் பற்றியே நாற்பது நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தார். தமிழ்ச்செல்வியின் புத்தகம் அவர் கையில் விசிறியாக இருந்தது.

மேலமாசி வீதியில் ஒரு லாட்ஜின் மாடி ஹால். மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. இந்தச் சித்திரை வெயிலில் கவிதைக்காக முப்பது பேர் வந்ததே பெரிது. அதில் பாதிப்பேர் அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர்கள்.

அவளுடைய கைப்பையில் ஏற்புரை இருந்தது. நாலு பக்கம். முதல் மூன்று பக்கமும் நன்றி. நாலாவது பக்கத்துக்காகத்தான் அவள் இந்தப் புத்தகத்தையே எழுதினாள்.

'கூந்தல் பாறை' என்று அட்டையில் போட்டிருந்தது. முதல் தொகுப்பு. நாற்பத்திரண்டு கவிதைகளும் ஒரே பாறையைப் பற்றி.

மேலூருக்குக் கிழக்கே, அவள் ஊர் மலையின் பின்பக்கத்தில் இருக்கிறது அந்தப் பாறை. ஏழு அக்கா தங்கச்சிகளில் கடைசிக்காரி, குளித்துவிட்டுத் தலை காயவைக்க மலைமேல் உட்கார்ந்தாளாம். பெண் கேட்டு வந்தவன் கூப்பிட்டபோது எழுந்து போக மனமில்லாமல் அப்படியே கல்லாகிவிட்டாளாம். சாம்பல் நிறக் கல்லில் ஏழு கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழே நெளிந்து இறங்கும். அதுதான் அவள் கூந்தல்.

ஆடிச் செவ்வாயில் ஊர்ப் பெண்கள் நல்லெண்ணெய் கொண்டுபோய் அந்தக் கூந்தலில் தேய்ப்பார்கள். கையில் மிஞ்சியதைத் துடைக்கக் கூடாது. தன் தலையில் தடவிக்கொண்டுதான் மலையிறங்க வேண்டும். ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் கூடாது.

வயதுக்கு வந்த வருடம் தமிழ்ச்செல்வி அங்கே போனாள். புருஷன் வீட்டை விட்டு வந்த வருடமும் போனாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தக் கல்லிடம் சொல்லியிருக்கிறாள்.

போன ஆடியில் போக முடியவில்லை. குவாரிக்காரர்கள் மலையைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். முன்பக்கம்தான் வெட்டுகிறோம், பின்பக்கம் வரமாட்டோம் என்றார்கள். அவள் மூன்று மனுக் கொடுத்தாள். மூன்றும் போன இடம் தெரியவில்லை. அப்புறம்தான் திருநகர் வீட்டில் உட்கார்ந்து கவிதை எழுத ஆரம்பித்தாள்.

நாலாவது பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: வருகிற ஆடியில் என்னோடு வாருங்கள். நூறு பெண்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு அந்தத் தகரத்துக்கு முன்னால் நின்றால், அவளைத் தொட அவர்கள் யோசிப்பார்கள்.

அடுத்ததாகக் கவிஞரின் தம்பி நினைவுப் பரிசு வழங்குவார் என்று மைக்கில் சொன்னார்கள்.

சிவபாண்டி புது வேட்டி சரசரக்க மேடையேறினான். மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவன். லாரியில் வரும் கல்லை அறுத்துப் பாலிஷ் போடுவதுதான் வேலை. எந்த மலைக் கல் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, அவனும் கேட்பதில்லை. அக்காவும் தம்பியும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதும் இல்லை.

சிவப்புத் துணியை விலக்கினான். ஒரு முழ நீளத்தில் பலகைக் கல். முன்பக்கம் பளபளவென்று இருந்தது. அவள் கவிதையிலிருந்து நாலு அடிகளை அதில் செதுக்கியிருந்தான். எழுத்துகளுக்கு அடியில் சாம்பல் நிறக் கல்லில் கறுப்புக் கோடுகள் நெளிந்து இறங்கின. கூட்டம் கை தட்டியது.

"உன் புத்தகப் பேருக்குத் தோதா, முடி மாதிரி கோடு ஓடுன கல்லா பாத்து எடுத்தேன்க்கா," என்று அவள் காதருகே சொன்னான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "பின்னாடி மட்டும் ஏதோ கிரீஸ் ஒட்டியிருக்கு. எம்புட்டோ தேச்சுப் பாத்துட்டேன், போகமாட்டேங்குது."

இப்படிக் கோடு ஓடும் கல் ஊர் உலகத்தில் எத்தனையோ இருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கோடுகளை எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

கனம் தாங்காமல் மேடையை விட்டு இறங்கி, முன் வரிசையில் இருந்த அம்மாவின் மடியில் கல்லை வைத்தாள்.

மலையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துகளை அவள் பார்க்கவே இல்லை. கல்லுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பின்பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினாள். உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். மேடையில் வாயெல்லாம் பல்லாக நிற்கும் மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

பிசுபிசுத்த அந்தக் கையை முந்தானையில் துடைக்கவில்லை. மெல்லத் தூக்கித் தன் நரைத்த தலையில் தடவிக்கொண்டாள்.

மைக்கில் தமிழ்ச்செல்வியின் பெயரைச் சொல்லி ஏற்புரைக்கு அழைத்தார்கள், இரண்டு தடவை.

கைப்பையிலிருந்து மூன்று பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறினாள்.

மூன்றாவது பக்கத்தின் கடைசியில் தம்பிக்கு நன்றி என்று எழுதியிருந்தது. அதையும் வாசித்தாள்.