பன்னிரண்டு கிளைக் கொம்பன்

மான் வேட்டை தொடங்குவது என்னவோ நாளைக்குத்தான். டெல்மரின் வாய் இன்றைக்கே தொடங்கிவிட்டது.

"தீனியக் கொட்டி வெச்சுட்டு, மறைஞ்சு உக்காந்து சுடுறதெல்லாம் ஒரு வேட்டையா மாப்ள? சாப்பிட வந்த விருந்தாளியச் சுடுற மாதிரி இருக்கு."

சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்து முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹார்லன் நிமிரவே இல்லை. டெல்மரின் தங்கையைக் கட்டியவன் அவன். இந்தப் பாட்டைக் கல்யாணம் ஆன நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மிச்சிகன் மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் தீனி போட்டு மானைச் சுடுவது குற்றம். பெட்ரோல் பங்க் வாசலில் 'மான் கேரட்' என்று எழுதி மூட்டை மூட்டையாக அடுக்கி விற்பது மட்டும் குற்றமில்லை. அத்தனை கேரட்டும் எங்கே போகிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஹார்லன் வீட்டுச் சுவரில் ஏழு மான் தலைகள் தொங்குகின்றன. டெல்மர் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது.

"நீ மட்டும் புழு மாட்டாமத்தான் தூண்டில் போடுறியா மச்சான்?" என்றான் ஹார்லன். "தீனி போடுறதும் ஒரு வித்தைதான். வர்ற மானை வரவழைச்சு, நிக்க வெச்சு, நிதானமா ஒரே குண்டுல சாய்ச்சா அதுக்கும் வலியில்ல, நமக்கும் திருப்தி. உன்னை மாதிரி ஓடுறதைச் சுட்டுக் காலை ஒடிச்சுட்டு, காடு பூரா ரத்தத்தைத் தேடி அலையச் சொல்றியா?"

"அப்ப நீ தீனி போடுறேன்னு ஒத்துக்கற."

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? பொதுவாச் சொன்னேன்."

கதவு திறந்தது. வனத்துறை ரேஞ்சர் ஜோலின் பூட்ஸிலிருந்த பனியை உதறிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு கேமரா. மரத்தில் கட்டிவிட்டால், எதிரே எது அசைந்தாலும் தானே படம் பிடித்துக்கொள்ளும் ரகம்.

"காட்டுல கிடைச்சுது. புத்தம் புதுசு. யாரோடது?"

கடையில் எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஜோலின் அதன் சின்னத் திரையில் ஒரு படத்தைக் கொண்டுவந்து, மேசை மேசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். டெல்மர் மேசை மேல் எக்கிப் பார்த்தான். பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு ஆண்மான், கேமராவையே முறைத்துக்கொண்டு நின்றது. அப்படியொன்றை அவன் கனவில்கூடக் கண்டதில்லை. அது எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எல்லாம் அந்தக் கேமராவுக்குள் இருக்கும். கேமரா மட்டும் கைக்கு வந்துவிட்டால் நாளைக் காலையில் அந்தத் தலை அவன் வீட்டுச் சுவரில். காலண்டரை அடுப்படிக்கு மாற்றிவிடலாம்.

"என்னுதுதான்," என்றான்.

ஹார்லனின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. பொறாமை. டெல்மருக்கு வயிறு குளிர்ந்தது.

"உங்களுதா? எங்க கட்டியிருந்தீங்க, சொல்லுங்க பாப்போம்," என்றார் ஜோலின்.

டெல்மர் இன்னொரு தரம் படத்தைப் பார்த்தான். மானுக்குப் பின்னால் வளைந்த பிர்ச் மரம் ஒன்று தெரிந்தது. அந்தக் காட்டில் அவனுக்குத் தெரியாத மரமா?

"ஓடைக்கரையில. பழைய மரப்பாலத்தைத் தாண்டி, வளைஞ்ச பிர்ச் மரத்துக்கு நேர் எதிர்ல."

"அதே இடம்தான். நிச்சயமா உங்களுதுதானே? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"நான் என்னிக்கு ரேஞ்சரம்மா மாத்திப் பேசியிருக்கேன்? என் கையால கட்டினது."

ஜோலின் பொத்தானை அழுத்தி அடுத்த படத்தைக் காட்டினார். அதே கொம்பன்தான். முழங்கால் உயரக் கேரட் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது.

"போயும் போயும் நீங்களா டெல்மர்?" என்றபடி அபராதச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். "அபராதமும் உண்டு. இந்த வருஷ லைசென்ஸும் போச்சு."

ஊரே திரும்பிப் பார்த்தது. ஹார்லனுக்குச் சிரிப்பு தாங்காமல் புரை ஏறிவிட்டது.

கேமரா தன்னுடையது என்றால் தீனி போட்டவன். இல்லை என்றால் திருடன். டெல்மர் அதிகம் யோசிக்கவில்லை.

"ரேஞ்சரம்மா, பொய் சொல்லிட்டேன். அது என்னுது இல்ல. ஆட்டையப் போடப் பாத்தேன். திருடன்னு வேணா எழுதிக்குங்க. தீனி போட்டவன்னு மட்டும் எழுதிடாதீங்க, புண்ணியமாப் போகும்."

"மாட்டினதும் எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க," என்றார் ஜோலின், எழுதுவதை நிறுத்தாமல்.

டெல்மருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் தீனி போடுறவனா இருந்தா அந்த இடத்துலயா கொட்டுவேன்? ஓடைக்காத்து மனுச வாடையை நேரா மான் மூக்குல கொண்டு போய்ச் சேத்துரும். வேட்டையில ஆனா ஆவன்னா தெரிஞ்சவன் அங்க கொட்டுவானா? எவனோ அடிமுட்டாள் பாத்த வேலை அது."

ஹார்லனின் சிரிப்பு நின்றது. முகம் சிவக்க, மேசையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். மச்சான் என்கிற மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"யாருடா முட்டாள்? ஒரு வாரமா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துப் பாத்துத்தான்டா அங்க கொட்டினேன்."

அபராதச் சீட்டில் ஜோலின் எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தார், பெயரைத் தவிர.