மகிழினி சொன்ன யோசனை

"இன்னாம்மா, புரமோஷன் குட்த்தாங்களா?" சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லாரிக்குச் சுமை ஏற்றிவிட்டு வந்த ஜெயவேல், கைகால்கூடக் கழுவாமல் மகளைக் கேட்டார்.

"என் யோசனைய ஏத்துக்கினாங்க நைனா. எல்லாரும் கை தட்டினாங்க," என்றாள் மகிழினி.

"இன்னா யோசனை அது?"

"இத்தினி நாளா வாட்டர்ஃபால் முறை. சாஃப்ட்வேர மொத்தமா எழுதி முடிச்சப்புறம்தான் தப்பு தேடுவாங்க. நான் அஜைல்னு வேற முறைக்கு மாறச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமா எழுதி, எழுதறவங்களே அப்பப்ப தப்பையும் பாத்துக்குவாங்க. வேலை சீக்கிரம் முடிஞ்சிடும்."

"ஷோக்கா கீதே! அப்போ, கடைசில தப்பு தேடினு இருந்தவங்க இன்னா பண்ணுவாங்க?"

மகிழினி பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. தப்பு தேடினு இருந்தது நான்தான். இத்த நீ நேத்தே கேட்டிருக்கக் கூடாதா, நைனா?"